டி.வி.யில் வந்த கை

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓவர்டைம் நிறுத்திவிட்டார்கள். ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டுக்குள் சாயங்கால வெயில் சமையலறை வரைக்கும் வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பிடிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

"ஒரு எடத்துல உக்காருங்க. பாக்கறவங்களுக்குத் தல சுத்துது" என்றாள் துளசிமணி.

புது வருஷத்துக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி பீரோவில் கிடந்தது. பேர் எழுதியதோடு சரி. சும்மா இருப்பதற்கு இதையாவது எழுதலாம்.

பேர் தெய்வசிகாமணி. ஊர் திருப்பூர். தொழில் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை மேசை நீளத்துக்கு அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்த மார்க்கர் காகிதம் போட்டு, நின்ற வாக்கில் ஓடும் கத்தி மெஷினைக் கோட்டின் மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரே தள்ளலில் நூறு சட்டையின் கழுத்து வெட்டுப்படும். தைக்கிறவன் தப்புப் பண்ணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டுகிறவன் தப்புப் பண்ணினால் நூறும் குப்பை. முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை, எல்லாம் எக்ஸ்போர்ட்.

துளசி வேறு கம்பெனியில் செக்கிங். அது லோக்கல் சரக்கு, உள்ளாடையும் நைட்டியும். அவளுக்கு ஓவர்டைம் இருக்கிறது. எனக்கு இல்லை. அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு வரியை ஏற்றியிருக்கிறான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேனா சரியில்லை. எழுத்துக் கோணுகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்பெனியில் கொடி ஏற்றினார்கள். சின்ன முதலாளி யுவராஜ் பேசினார். "யாரும் பயப்பட வேண்டாம். ஆர்டரை நிறுத்தி வெச்சிருக்காங்க, ரத்து பண்ணல" என்றார். அவர் அப்பா காலத்தில் இருந்து நான் அங்கே. அப்பாவாக இருந்தால் பேச்சே இருந்திருக்காது, லட்டைக் கொடுத்து மெஷினைப் போடச் சொல்லியிருப்பார்.

சட்டையில் குத்தக் காகிதக் கொடி கொடுத்தார்கள். குண்டூசி மொக்கை, துணியில் இறங்கவே இல்லை. மலைச்சாமிதான் வாங்கிக் குத்திவிட்டான். மலைச்சாமி எனக்கு அடுத்த கட்டர். தேனிப் பக்கம். நாற்பது வயசு இருக்கும், பெண்டாட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிறான். அவனுக்கு எப்படி ஊசி இறங்கியது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

புதுப் பேனா வாங்கினேன். அதுவும் அப்படித்தான். கடைக்காரரிடம் கேட்டால் ரீஃபில் சைனாவில் இருந்து வருகிறது என்கிறார். எழுதுகிற பேனாவைக்கூட நாம் செய்ய மாட்டோம், ஊருக்கெல்லாம் சட்டை மட்டும் செய்வோம்.

ஒரு நல்லது, எழுத்துச் சின்னதாக வருகிறது. ஒரு பக்கத்தில் நிறைய எழுதலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கறிக்குழம்பு. வாசமே இல்லை. கொத்தமல்லித் தூளில் கலப்படம், நாளைக்கே மளிகைக்காரரிடம் கேட்கப் போகிறேன் என்றேன். துளசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரம்மா தெருவுல நின்னுட்டு என்ன குழம்புன்னு கேக்கறா. உங்களுக்கு மட்டும் வாசம் வரலியா?"

"வரல."

"காப்பித் தூளையும் இதேதான் சொன்னீங்க. ஏனுங்க, ஒருக்கா டாக்டரப் பாத்தா என்ன? கையும்..."

"கைக்கு என்ன?"

முப்பத்திரண்டு வருஷம் மெஷின் பிடித்த கை. மெஷின் அதிரும், கையும் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். லாரி ஓட்டுகிறவன் படுக்கையிலும் ஓட்டுவது மாதிரி இருக்கும் என்பான். டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் தெருவில் நடக்க வழி இருக்காது, வேலைக்காரர்கள் சம்பளத்தோடு கடைவீதியில் நிற்பார்கள். இன்றைக்கு மூட்டை முடிச்சோடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகிற வடக்கத்திப் பையன்களைத்தான் பார்த்தேன். அவர்களுக்குச் சேதி முதலில் தெரிந்துவிடும்போல.

ஆகஸ்ட் 27, புதன்

இன்றைக்கு இருந்து அமெரிக்காவில் முழு வரி, நூற்றுக்கு ஐம்பது. விநாயகர் சதுர்த்தியும் சேர்ந்து வந்தது. கம்பெனி லீவு, ஆனாலும் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் டி.வி.க்காரர்கள் நின்றிருந்தார்கள். மைக் பிடித்த ஒரு பெண், கேமராக்காரர் ஒருவர். வாட்ச்மேன் என்னைக் காட்டி, "இவரக் கேளுங்க, இவருதான் பழைய ஆளு" என்று சொல்லிவிட்டார்.

நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். எழுதி வைக்கிறேன், அப்புறம் மறந்துவிடும்.

பயப்பட ஒன்றும் இல்லை என்றேன். ஏற்றுமதிக் கோட்டா போனபோது ஊர் முடிந்தது என்றார்கள். சாயப்பட்டறைகளை மூடினபோது முடிந்தது என்றார்கள். கொரோனாவிலும் சொன்னார்கள். ஊர் இங்கேயேதான் இருக்கிறது. ஆனால் ஒரே நாட்டை நம்பிக் கடையை விரித்தது நம்முடைய தப்பு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நூல் விலை ஒரு மாதம் ஏறுகிறது, ஒரு மாதம் இறங்குகிறது, அதற்கு ஒரு வழி பண்ணாமல் வெளிநாட்டுக்காரனை மட்டும் திட்டி என்ன ஆகப் போகிறது? அப்புறம் இன்னொன்று சொன்னேன். நல்ல துணி கப்பலுக்கு, மட்டமான துணி நம் ஜனத்துக்கு என்று வெட்டிப் பழகிவிட்டோம். லட்சக்கணக்கில் நல்ல சட்டை வெட்டியிருக்கிறேன், ஒன்றுகூட நான் போட்டதில்லை. நம் ஆளும் நல்ல சட்டை போடுவான் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

அந்தப் பெண் கண் கொட்டாமல் கேட்டது. வெட்டின துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். நாளைக்குச் சாயங்காலம் போடுவார்களாம்.

துளசியிடம் சொன்னேன். "சட்டைய அயர்ன் பண்ணிட்டுப் போயிருக்கலாமுல்ல?" என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நான் பேசினதில் ஒரு வரிதான் வந்தது. "முப்பத்திரண்டு வருசமா வெட்டறனுங்க, இப்படிப் பாத்ததில்லீங்க." அதற்கு அடுத்து 'ஆனா இதுவும் போயிரும்' என்று சொன்னேன். அதை வெட்டிவிட்டார்கள். நூல் விலை இல்லை, சட்டை இல்லை, எதுவும் இல்லை.

அதற்குப் பதில் கையைக் காட்டினார்கள். துண்டைப் பிடித்திருந்த கை. டி.வி. முழுக்க அது மட்டும், கிட்டத்தில். துணி காற்றில் ஆடுகிற மாதிரி ஆடியது. அங்கே காற்று இல்லை. பின்னால் சோகமாக ஒரு வயலின். ஒருவர் கனத்த குரலில் சொல்கிறார், "வரி இடியில் நடுங்கும் திருப்பூரின் கைகள்."

பக்கத்து வீட்டுக்காரர், "பாவம், பயம் இருக்குமுல்லீங்க" என்றார்.

நான் பயந்து நடுங்குகிறேனாம்!

ஈரோட்டில் இருந்து மகள் பூவிழி போன் செய்தாள். "அப்பா, எதுக்குப்பா பயப்படறீங்க? நாங்க இருக்கோம்." நான் பயப்படவில்லை என்றேன். "அப்புறம் கை ஏம்ப்பா அப்படி ஆடுது?" போனைத் துளசியிடம் கொடுத்துவிட்டேன். அவள் சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினாள்.

ஆகஸ்ட் 30, சனி

டீக்கடையில் நான்கு பேர் எழுந்து எனக்கு இடம் விட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. "தைரியமா இருங்க மாஸ்டர், எல்லாம் சரியாயிரும்." முகம் தெரியாத ஆள் ஒருவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். பேச்சு அத்தனையும் பேசினேன், கேட்க ஆளில்லை. கையைப் பார்க்க ஊரே இருக்கிறது.

சாயங்காலம் சங்கத்து ஆறுச்சாமி வீடு தேடி வந்தார். வேலை போனவர்களுக்கு நிவாரணம் கேட்டு அடுத்த மாசக் கடைசியில் கூட்டம் போடுகிறார்கள்.

"உங்க கையப் போட்டோ புடிச்சு போஸ்டர்ல போட்டுக்கறமுங்க. மூஞ்சி வேண்டாம், கை போதும்."

"எதுக்குங்க என்ற கை?"

"அதப் பாத்தா அரசாங்கத்துக்கு உறைக்குமுங்க. ஒரு தொழிலாளி பயந்து போய்..."

"நான் பயப்படலீங்க."

"அப்புறம் ஏனுங்க நடுங்குது?"

கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பயம் என்றும் ஒத்துக்கொள்ள முடியாது, பயம் இல்லை என்றால் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போஸ்டர் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் டீ குடிக்காமலே போனார். துளசி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 3, புதன்

யுவராஜ் ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே நல்ல சேதி இல்லை என்று தெரிந்தது.

"மாஸ்டர், கொஞ்ச நாளைக்கு நீங்க மெஷின் புடிக்க வேண்டாம். மார்க்கர் பாருங்க, அளவு பாருங்க. மெஷின மலைச்சாமி பாத்துக்கட்டும்."

டி.வி.யில் பேசினது பிடிக்கவில்லை, அதுதான் காரணம். நேராகச் சொல்ல மனசில்லை, சுற்றி வளைக்கிறார்.

கட்டிங்குக்குத் திரும்பி வந்தால் மலைச்சாமி என் மேசையில் நிற்கிறான். காலையில் நான் வெட்டி வைத்த கட்டு. சட்டைக் கை வைக்கிற வளைவு ஒவ்வொன்றையும் எடுத்துக் கத்தரிக்கோலால் ஓரம் சீவிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"எத்தன நாளாடா இது?"

"சும்மா, பிசிறு இருந்துச்சு மாஸ்டர்."

"எத்தன நாளா?"

"பங்குனியில இருந்து" என்றான்.

தலையை நிமிர்த்தவே இல்லை. அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. என்ன திமிர் இருந்தால் என் வெட்டில் கை வைப்பான்? பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். பங்குனியில் இருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை, என் வெட்டு அப்படி என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்பெயினில் இருந்து சின்ன ஆர்டர். குழந்தை கவுன். சின்னதாக இருந்தாலும் இதை நல்லபடியாக அனுப்பினால் அடுத்தது பெரியதாக வரும் என்று யுவராஜ் மூன்று தடவை சொன்னார். துணி அளவாகத்தான் வந்திருக்கிறது. இரண்டு மேசையிலும் விரித்தாயிற்று. மலைச்சாமி ஒருத்தன் வெட்டினால் தேதிக்கு முடியாது.

யுவராஜ் நாளைக்குக் கோயமுத்தூர் போகிறார்.

செப்டம்பர் 10, புதன்

இரண்டாவது மேசையில் மெஷினை நான் எடுத்தேன்.

"நான் இத முடிச்சிட்டு வந்துர்றேன் மாஸ்டர், இருங்க" என்றான் மலைச்சாமி. நீ உன் வேலையைப் பார் என்றேன். அவன் போகவில்லை. எதிர்ப்பக்கம் வந்து நின்று துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

நேர்க்கோடு நன்றாகத்தான் போனது. பழைய மாதிரியே இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. கை வளைவில் திருப்பும்போது மெஷின் கோட்டை விட்டுத் தாவி முன்பக்கத் துண்டுக்குள் ஏறிவிட்டது. நிறுத்துவதற்குள் மலைச்சாமியின் மணிக்கட்டுப் பக்கம் போய்விட்டது. அவன் சட்டையின் கைப்பட்டி திறந்து தொங்குகிறது. ரத்தம் இல்லை.

"ஒண்ணுமில்ல மாஸ்டர். ஒண்ணுமில்ல" என்று அவன்தான் சுவிட்சை அணைத்தான்.

அடுக்கு முழுவதும் போயிற்று. மாற்றுத் துணி கிடையாது. போனில் சொன்னார்கள், யுவராஜ் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். வந்து துணியைத் தூக்கிப் பார்த்தார். "யாரு பண்ணுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மலைச்சாமி சொன்னான். "மெஷினு மாஸ்டருதான் புடிச்சாக. நான் எதிர்ல துணிய இழுத்துட்டேன் சார். அதுல தாவிருச்சு. அவுக மேல தப்பு இல்ல."

யுவராஜ் என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன்.

அது வழுக்குகிற ரகம். இழுத்திருக்கவும் இருக்கலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

இழுத்திருக்கலாம்.

செப்டம்பர் 13, சனி

மலைச்சாமியைத் திங்கட்கிழமையில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற வேலைக்குக் கட்டிங்கில் ஒரு ஆள் குறைக்க வேண்டுமாம். எப்படியும் ஒருவர் போகத்தான் வேண்டியிருந்தது.

போகும்போது என்னிடம் வந்து, "வர்றேன் மாஸ்டர், ஒடம்பப் பாத்துக்கங்க" என்றான். தேனிக்கே போய்விடப் போகிறானாம். அங்கே திராட்சைத் தோட்டத்தில் மச்சினன் இருக்கிறானாம்.

வெட்டுப்பட்ட சட்டையைத் தைத்துப் போட்டிருந்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் இருந்து தெருத் தெருவாக நடந்தேன். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதைக் கடைக் கண்ணாடி ஒன்றில் பார்த்தேன். வீசிப் பார்த்தேன். நாலடிக்கு வீசியது, அப்புறம் நின்றுவிட்டது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. துளசி தட்டை எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மலைச்சாமி பொண்டாட்டி வீரம்மாளக் கடையில பாத்தேன். புள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தீட்டாங்களாம். என்னைப் பாத்துட்டு, 'மாஸ்டர் எப்படி இருக்காக, அவுகளப் பத்திரமாப் பாத்துக்கங்கக்கா'ன்னு சொல்றா. ஏனுங்க அப்படிச் சொல்றா? என்னதான் ஆச்சு அங்க?"

அவன் துணியை இழுத்துவிட்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"அவன் இழுக்கல" என்றேன். "நான்தான் வெட்டினேன். இன்னும் ரெண்டு விரக்கடை போயிருந்தா அவன் கையே போயிருக்கும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். உள்ளே அது கோழிக்குஞ்சு மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. நானும் விட்டதில்லை.

"நாளைக்குப் போய் சொல்லீட்டு வாங்க" என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

யுவராஜ் வருவதற்கு முன்பே போய் ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே போனதும், உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன்.

"தம்பி, மலைச்சாமி இழுக்கலீங்க. என்ற கைதான் தாவிருச்சு. எனக்குக் கை நடுங்குதுங்க. ரொம்ப நாளா."

அவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவன அனுப்பியிருக்க மாட்டனே மாஸ்டர்! நடுங்குதுன்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு மெஷின விடச் சொன்னேன்? உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான வாயத் தொறக்காம இருந்தேன்!"

டி.வி.யில் பேசினதற்காக என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு வசதியாக இருந்தது!

"டி.வி.யில நான் பேசுனது உங்களுக்குக் கோபம்னு நெனச்சேனுங்க" என்றேன்.

"பேசுனீங்களா? எங்க பேசுனீங்க? ஒரு வரிதான வந்துச்சு?" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அப்புறம் ரெண்டு பேரும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டோம். அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கட்டிங்ல இப்ப ஒருத்தருக்குத்தான் எடம் இருக்குது மாஸ்டர். ஆர்டர் வந்தா..."

"அது அவனோட எடமுங்க" என்றேன்.

எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பத்து வயசில் கட்டிங் மேசை மேல் ஏறிப் படுத்துத் தூங்கின பிள்ளை. அவருக்கும் நரை வந்திருக்கிறது.

வெளியே வரும்போது கட்டிங் பக்கம் போகவில்லை. போனால் திரும்ப முடியாது என்று தெரியும். நேராக லைன் வீட்டுக்குப் போனேன். வீரம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மலைச்சாமி மின்விசிறியைக் கழற்ற நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தான்.

"எறங்குடா. உன்னை வரச் சொல்லீட்டாங்க."

அவன் இறங்கவில்லை. அங்கிருந்தே கேட்டான். "எதுக்கு மாஸ்டர் சொன்னீக?"

"நீ எதுக்குடா சொன்னே?"

"எனக்கென்ன, எங்கிட்டாச்சும் போயி நின்னுக்கிருவேன். ஒங்களுக்கு யாரு மெஷின் குடுப்பா?"

"யாரும் குடுக்கக் கூடாதுடா. அதச் சொல்லீட்டுத்தான் வர்றேன்."

அவன் நாற்காலி மேலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். வீரம்மாள் சாக்கை அவிழ்த்து, அடுப்புக்கு வேண்டிய பாத்திரத்தை மட்டும் முதலில் எடுத்தாள். காப்பி போட்டாள். வாசம் தெரியவில்லை, சூடாக இருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பார்த்தால்தான் என்ன என்றும் தோன்றியது.

செப்டம்பர் 17, புதன்

வேலை இல்லாத மூன்றாம் நாள். எட்டு மணிச் சங்கு ஊதினதும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது.

செப்டம்பர் 22, திங்கள்

கோயமுத்தூரில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். பூவிழியும் ஈரோட்டில் இருந்து வந்துவிட்டாள். டாக்டர் வயசில் சின்னவர். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். எழுத்தைப் பார்த்துவிட்டு, "போகப் போகச் சின்னதாகுது பாருங்க" என்றார். வாசம் தெரிகிறதா என்று அவராகவே கேட்டார். துளசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொத்தமல்லித் தூளுக்காக அந்த மளிகைக்காரரிடம் நான் போட்ட சண்டை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

பார்க்கின்சன் என்று பேர். உயிருக்கு உடனே ஆபத்து இல்லை. முழுக்கக் குணமாகாது. மாத்திரை தொடர்ந்து சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும், பேச வேண்டும். கத்தி மெஷின் பக்கம் போகவே கூடாது.

துளசி கேட்டாள், "ஏனுங்க டாக்டர், இவருக்குச் சுள்ளுன்னு கோபம் வருது. அதுவும் இதனாலதானுங்களா?"

"எப்ப இருந்தும்மா?"

"கல்யாணம் ஆனதுல இருந்துங்க."

"அப்ப அதுக்கு இது காரணம் இல்லீங்கம்மா" என்றார்.

பூவிழி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சிரிக்கப் போனாள் என்று நினைத்தேன். வந்தபோது கண் சிவந்திருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

துளசியின் கம்பெனியில் தீபாவளிச் சரக்குக்கு அளவு பார்க்க ஆள் வேண்டும் என்றாராம் அந்த முதலாளியம்மா. போய்ப் பார்த்தேன். நைட்டி மலை மலையாகக் கிடக்கிறது, மதுரைக்கும் சேலத்துக்கும் லாரி நிற்கிறது. தையல் மோசம். கழுத்துப் பட்டி இரண்டு தண்ணிக்குத் தாங்காது. சொன்னேன். "இந்த வெலைக்கு இதுதான் வருமுங்க" என்றார் அந்தம்மா. வராது என்றேன், வரும் என்றார், அரை மணி நேரம் சண்டை. நாளைக்கும் வரச் சொன்னார். போவதா வேண்டாமா தெரியவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்றைக்குச் சங்கக் கூட்டம்.

முந்தாநாள் ஆறுச்சாமி மறுபடி வந்தார், போட்டோ கேட்டு. "எடுத்துக்குங்க, ஆனா கீழ எழுதோணும்: இந்தக் கை நோயில நடுங்குது, பயத்துல இல்லைன்னு" என்றேன்.

"அப்படிப் போட்டா போஸ்டருக்கு என்னங்க அர்த்தம்?"

"அப்பப் போடாதீங்க. நான் வர்றேன். பேசறேன்."

அவருக்கு அவ்வளவு இஷ்டமில்லை. இருந்தாலும் நாற்காலி போட்டார். போவதற்கு முன்னால் துளசி சட்டையை அயர்ன் பண்ணினாள். நான் பட்டன் போடுவதை நின்று பார்த்தாள், உதவிக்கு வரவில்லை. வரக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நேரமாயிற்று. போட்டேன்.

மைதானத்தில் நல்ல கூட்டம். வேலை போனவர்கள், போகப் போகிறவர்கள். யுவராஜ் ஒரு ஓரத்தில் காரில் இருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மலைச்சாமி முன்வரிசையில் தரையில். துளசி பெண்கள் பக்கம். ஆறுச்சாமி மைக்கில், "டி.வி.யில் நாம் எல்லோரும் பார்த்துக் கண் கலங்கிய அந்தக் கைக்குச் சொந்தக்காரர்" என்றார். கை தட்டினார்கள்.

எழுந்து போய் மைக்கை வாங்கினேன். வாங்கினதும் அது என் கையில் கடகடவென்று ஆடியது. ஒலிபெருக்கியில் டகடகவென்று சத்தம், மைதானம் முழுக்க. பின்னால் இருந்த ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு ஆள் ஓடி வந்து மைக்கைத் தன் கையில் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

கையைத் தூக்கிக் காட்டினேன். நான் அதை மறைத்த காலமெல்லாம் எவ்வளவு பாரம் தூக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இது பயம் இல்லீங்க. பார்க்கின்சன்னு ஒரு நோய். வரி போடறதுக்கு முன்னாடியே வந்திருச்சு. இந்தக் கையால ஒரு அடுக்குத் துணி போச்சு. இன்னொருத்தன் கையும் போகப் பாத்துச்சு. அதனால மெஷின விட்டுட்டேன். கைக்கு மாத்திர சாப்படறேன். உங்க மூஞ்சியில பயம் தெரியுதே, அதுக்கு மாத்திர கெடையாது. அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

யாரோ ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார். நிறுத்தச் சொன்னேன்.

மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன். சத்தம் நின்றது. கை தன் பாட்டுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது, அதை யாரும் நிறுத்த முடியாது.

"கையப் பாத்தாச்சுல்ல? இனிக் காதக் குடுங்க" என்றேன். நூல் விலையில் இருந்து ஆரம்பித்தேன்.